அமெரிக்கன் மா

என் கணவருக்கென்று ஒரு சண்டை இருக்கிறது. எங்கள் ஊர்ச் சண்டையல்ல, இருநூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்கர்கள் ஆங்கிலேயரோடு, சுதந்திரத்துக்காக ஒருமுறையும் பிறகு இன்னொருமுறையும் பிடித்த சண்டை. அமெரிக்கா என்று யாராவது வாய் திறந்தால் போதும். “முதல் சண்டையோட நிண்டிருந்தா யாழ்ப்பாணத்துக்குப் பள்ளிக்கூடம் வந்திராது. ரெண்டாம் தரமும் அடிபட்டவை, கண்டியளோ” என்று தொடங்கிவிடுவார். அவருடைய முன்னோர் அமெரிக்கப் பாதிரிமாரிடம் படித்தவர்கள். நானோ மன்னார்க் கத்தோலிக்கக்காரி. அந்தப் பாதிரிமார் கதை தொடங்கினால் எனக்கு அடுப்படியில் கட்டாயம் ஏதாவது வேலை இருக்கும்.

எங்கள் மகள் ஓர் அமெரிக்கப் பையனை விரும்பினாள். தனி ஆளாக நின்று அவனை வளர்த்த தாய், பாஸ்டனிலிருந்து லண்டனுக்கு வந்திருந்தார். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டில் அவருக்கு முதல் சாப்பாடு. பையனுக்கு அன்று வேலை, வர முடியவில்லை. மகளுக்கு இருந்த பயமெல்லாம் தகப்பனின் வாயைப் பற்றித்தான். வீடியோவில் முதல்முறை கண்டபோதே இவர், “நாங்கள் உங்களிட்டத் தோத்த ஆக்கள்” என்று ஆங்கிலத்தில் பகிடி விட்டார். பிரிட்டிஷ் பாஸ்போட் வாங்கியதிலிருந்து தோல்வியிலும் பங்கு கேட்கிற மனுசன். சம்பந்தி சிரிக்கவில்லை.

“அம்மா, அப்பா அந்தச் சண்டைக் கதை கதைக்கக் கூடாது” என்று போனில் மகள் எச்சரித்தாள். “மற்றது, மாமி பாண், கேக் ஒண்டும் சாப்பிடமாட்டா. புட்டுக்கு என்ன மா போடுவீங்கள்?”

“அரிசி மாவும் அமெரிக்கன் மாவும்.”

“ஓகே, அது பரவாயில்லை.”

பாண் வேண்டாம் என்றால் உடம்பு மெலிவதற்காக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று புட்டைப் பரிமாறிவிட்டு, சொதி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வரும்போது சண்டை தொடங்கியிருந்தது. புட்டில் அமெரிக்கன் மா இருக்கிறது என்று மகள் பெருமையாகச் சொல்ல, அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று சம்பந்தி கேட்டிருக்கிறார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இவருக்கு. மகள் மேசைக்குக் கீழே காலால் உதைத்தும் பார்த்தாள். கேட்கிற மனுசனா!

“சுருக்குங்கோ, சாப்பாடு ஆறுது” என்றேன் நான்.

அவர் சுருக்கவில்லை. சம்பந்தியோ மரியாதை தெரிந்தவர். முள்ளுக்கரண்டியில் அள்ளிய புட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் காது கொடுத்தார். இரண்டாம் சண்டை முடிந்த கையோடு அமெரிக்கப் பாதிரிமார் கப்பலில் இலங்கைக்கு வந்தது, ஆங்கிலேயர் அவர்களை நம்பாமல் யாழ்ப்பாணத்துப் பக்கம் தள்ளிவிட்டது, அங்கே அவர்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியது என்று எல்லாம் சொல்லித்தான் மாவுக்கு வந்தார். கப்பலில் வந்த வெள்ளை மாவுக்கு ஊரே அமெரிக்கன் மா என்று பெயர் வைத்ததாம். பாதிரிமாருக்கும் மாவுக்கும் உண்மையில் என்ன தொடர்போ, அவருக்குத்தான் வெளிச்சம்.

“வேறொண்டுமில்லை, கோதுமை மாதான்” என்று ஆங்கிலத்தில் முடித்தார்.

மகள் பாய்ந்து சம்பந்தியின் தட்டை இழுத்தாள். “மாமி, சாப்பிட்டீங்களா?”

அவள் அதுவரை அதைச் சோள மா என்று நினைத்திருந்தாளாம். அமெரிக்கர்கள் சோளம்தானே தின்கிறார்கள்! சம்பந்திக்குக் கோதுமை வாயில் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடுமாம். முன்பு ஒருமுறை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

“ஒரு துளியும் இல்லை” என்றார் சம்பந்தி. “இவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.”

“என்ட மாதாவே!” என்று சொதிச் சட்டியோடு கதிரையில் இருந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. என்னைப் பார்த்துத்தான் சம்பந்தி முதல்முறையாகச் சிரித்தார். பிறகு மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

புட்டை எடுத்துக்கொண்டுபோய் மூடி வைத்துவிட்டு, சிவப்பரிசிச் சோற்றுக்கு உலை வைத்தேன். சோறு வேகும்வரை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

“அப்பா, முதல் சண்டை எப்படித் தொடங்கினது?” என்று மகளே கேட்டாள்.

இவர் பயந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கதிரையை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“சொல்லுங்கோ” என்றேன். “சுருக்காதேங்கோ.”