தலைமாட்டை விட்டு நகராதவர்

நாடித் துடிப்பைக் காட்டும் கருவியின் ஒலி திடீரென்று இடைவெளி விட்ட அந்தக் கணம் இன்னும் என் காதில் இருக்கிறது. ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் நான் நர்ஸாக இருந்தேன். மேசையில் கிடந்தவர் செட்டியார்பட்டிக்காரர், மில் தொழிலாளி, நல்ல திடகாத்திரமான உடம்பு. குடலிறக்க ஆபரேஷனுக்காக முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது.

ஊசி போட்டவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் மயக்க டாக்டரம்மா. இன்னொரு மருத்துவமனையிலும் அவருக்காகக் காத்திருந்தார்கள். மேனேஜர் என்னைக் கதவுக்கு வெளியே அழைத்தார். "ஊசிதான் போட்டாச்சே, அம்மாவக் கெளம்பச் சொல்லு. மிச்சத்த சர்ஜன் பாத்துக்கிடுவாரு." நான் அதை டாக்டரம்மாவின் காதோரம் சொன்னேன். "தலமாட்ட விட்டு நகர மாட்டேன்னு போய்ச் சொல்லு" என்றார்.

சற்று நேரத்தில் அந்த மனிதர், "ஒரு மாதிரியா வருதும்மா" என்றார். துடிப்பு சரசரவென்று இறங்கியது. டாக்டரம்மா மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. எல்லாம் சரியாகச் செய்தாலும், நல்ல உடம்புக்காரருக்கும், அபூர்வமாக இப்படி நேரும். அடுத்த நொடியே டாக்டரம்மா அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல நான் மருந்து ஏற்றினேன். வியர்வை சொட்டச் சொட்ட அவர் நிறுத்தவேயில்லை. துடிப்பு திரும்பியது.

வெளியே மேனேஜர் சொன்னதோ வேறு. "மயக்க ஊசியில கோளாறு. எங்க சர்ஜன்தான் காப்பாத்துனாரு." சர்ஜன் மறுக்கவில்லை. உறவினர்கள் டாக்டரம்மாவின் காரை மறித்து வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அதன்பின் அங்கே அவரைக் கூப்பிடவேயில்லை. போகச் சொன்னவர் அதே நாற்காலியில் இருந்தார். போகாமல் நின்றவருக்குக் கெட்ட பெயர்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் அந்த மில்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையில் மகள். "அந்தப் பொம்பள போட்ட ஊசியில செத்துப் பொழச்சவம்மா நான்" என்று சிரித்தார். என்னால் தாங்க முடியவில்லை. நடந்தது அத்தனையையும் கொட்டிவிட்டேன்.

அவர் மகளைக் கீழே இறக்கிவிட்டார். "எங்க அண்ணன்தான் அவிய கார மறிச்சான்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் அங்கனதான நின்னீய? ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

வேலை போய்விடுமே என்று அன்று பயந்தேன். டாக்டரம்மாவின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன்.