தலைநகரம் போன கஞ்சியக்கா

மாவட்ட மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் அவள் கஞ்சியக்கா. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்கு அவள் போடுகிற கஞ்சி அப்படி. அவள் தேய்த்து மாட்டிய கோட்டு, டாக்டர் இல்லாமலே வார்டுக்குப் போய் நாடி பார்த்துவிட்டு வரும் என்று நர்சுகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஐம்பத்தொரு வயது. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். முப்பது வயதில் ஒரு மகன். சலவைப் பிரிவுக்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அப்பால் தண்டவாளம். தலைநகரத்துக்குப் போகிற ரயில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அது கடக்கும்போது கொடியில் காயும் நூறு படுக்கை விரிப்புகளும் ஒரே நேரத்தில் எக்கி எழும். இருபத்தாறு வருடமாக அந்தக் காற்று அவள் முகத்தில் அடித்திருக்கிறது. ரயிலில் மட்டும் ஏறியதில்லை.

அந்த வருடம் சலவைப் பிரிவின் பழைய பாய்லரைக் கழற்றிவிட்டுப் புதியது வைக்க முடிவானது. ஐந்து நாள் வேலை இல்லை, சம்பளம் உண்டு. வீட்டில் வந்து சொன்னாள்.

"அப்போ எங்கயாவது போய்ட்டு வாயேன்" என்றார் கணவர். "எனக்கு வேனை விட்டுட்டு நகர முடியாது. நீ போ."

"எங்க போறது?"

கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் உள்ளே வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள், தையற்காரி, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வாய் ஓயாது. அவளுடைய தையல் மெஷினுக்கு மேலே, ஏறி நின்று ஊரைப் பார்க்கிற தலைநகரத்துக் கோபுரத்தின் படம் ஒன்று, ஏதோ பழைய நாள்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டியது, பத்து வருடமாகத் தொங்குகிறது.

"எங்கயாவது இல்ல அண்ணி. தலைநகரம். நான் பெட்டி கட்டிட்டேன்னு வெச்சுக்குங்க."

கையில் இருந்தது கொஞ்சம்தான். நாத்தனார் ஒரு துணிப்பையைத் தைத்து, உள்ளே மூன்று அறை வைத்தாள். ஒன்று போகவர, ஒன்று தங்க, ஒன்று பார்க்க. "சாப்பாடு?" என்று கேட்டதற்கு, "அதுக்கு அறை வெச்சா கோபுரத்துக்குக் காணாது" என்று சொல்லி, அவித்த முட்டையும் ரொட்டியும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டாள்.

ரயில் போய் நின்றதும் கஞ்சியக்கா இறங்கவில்லை. வாசலில் நின்று மேலே பார்த்தாள். கண்ணாடியும் இரும்புமாக ஒரு கூரை வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே புறாக்கள் பறந்துகொண்டிருந்தன. கூரைக்கு உள்ளேயே பறவை பறக்க இடம் இருக்கிறது என்பது அவள் மனதில் ஏறவே கொஞ்ச நேரமானது. பின்னால் நின்றவர்கள், "இறங்குங்கம்மா, வழி விடுங்க" என்று சத்தம் போட்டார்கள். நாத்தனார் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள்.

தங்கியது நிலையத்துக்கு அருகே பெண்கள் விடுதி ஒன்றில். எட்டுக் கட்டில் போட்ட அறை. கஞ்சியக்கா முதல் வேலையாக விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லா அலசல" என்று தீர்ப்புச் சொன்னாள். அதன் மேல்தான் படுத்தாள்.

அடுத்த நாள் முழுக்க நடந்தார்கள். மண்ணுக்கு அடியில் ஓடுகிற ரயிலுக்கு, தானாக இறங்குகிற படியில் போனபோது கஞ்சியக்கா நாத்தனாரின் தோளைப் பிடித்த பிடியில், அவள் ரவிக்கைத் தையல் இரண்டு பிரிந்தது. நாடாளுமன்றத்தின் முன்னால் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கஞ்சியக்கா மட்டும் உதடு அசைய ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்துக்கே நூற்று நாற்பது. எல்லாவற்றுக்கும் திரை.

"இவ்வளவு திரைய யாரு துவைக்கிறா?" என்றாள்.

"அண்ணி, நாட்டையே இங்கதான் ஆளுறாங்க. நீங்க திரைய பாக்கறீங்க."

"ஆளுறவங்க மாறிட்டே இருப்பாங்க. திரை அழுக்காயிட்டேதான் இருக்கும். அதுக்குன்னு உள்ள ஒருத்தி இருப்பா." அந்த முகம் தெரியாத ஒருத்தியை நினைத்து அவளுக்கு மரியாதையாக இருந்தது.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. அத்தோடு நாத்தனாருக்கு வேறு ஓர் அவசரம். கட்டணக் கழிப்பறை இரண்டு தெரு பின்னால் போய்விட்டது. எதிரே அகலமான படிக்கட்டும் தூண்களுமாக ஒரு பெரிய கட்டடம். வாசலில் காவலாளி நின்றிருந்தார்.

"ஐயா, உள்ள போக டிக்கெட் எவ்வளவு?" என்றாள் நாத்தனார், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

"டிக்கெட்டா? இது நூலகம்மா. யார் வேணாலும் போகலாம். கழிப்பறை இடது பக்கம்" என்றார் காவலாளி, கேட்காததற்கும் சேர்த்து.

நாத்தனார் இடது பக்கம் ஓடினாள். தனியாக நின்ற கஞ்சியக்கா, நேராகத் திறந்திருந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உள்ளே போய்விட்டாள்.

வட்டமான கூடம். சுற்றிலும் அடுக்கடுக்காகப் புத்தகங்கள், ஒரு மாடிக்கு மேல் இன்னொரு மாடி, அதற்கு மேல் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய குவிமாடம். அதன் உச்சியில் வட்டக் கண்ணாடி. கண்ணாடியில் மழை விழுந்து வழிய, அந்த நிழல் கீழே மேசைகள் மேல் நெளிந்துகொண்டிருந்தது. முந்நூறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். காகிதம் திரும்பும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. இத்தனை பேர் ஒரே இடத்தில், யாரும் யாரையும் அதட்டாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. ஈரச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"செருப்பு போட்டுக்கலாம்மா" என்றது ஒரு மெதுவான குரல். மேசைக்குப் பின்னால் கண்ணாடி அணிந்த நூலகர். மகன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. "என்ன வேணும் உங்களுக்கு?"

மழைக்கு ஒதுங்கினோம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "இங்க என்னங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

நூலகர் சிரிக்கவில்லை. "இந்த நாட்டுல அச்சான எல்லாமே இருக்கும்மா. புத்தகம், பத்திரிகை எல்லாம். அச்சடிக்கிறவங்க ஒரு பிரதி இங்க அனுப்பியாகணும்."

"சின்ன ஊர்ப் பத்திரிகையுமா?"

"எவ்வளவு சின்ன ஊரா இருந்தாலும்."

கஞ்சியக்கா மேசையை நெருங்கி வந்தாள். அவள் அப்பா கொத்தனார். ஊரில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டியபோது உச்சியில் நின்று வேலை செய்தவர்களில் ஒருவர். அவளுக்கு நான்கு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. பத்திரிகையில் ஒரு தடவை படம் வந்தது, அதை வெட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன், வெள்ளத்தில் கூழாகிப்போனது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டி திறந்த தேதி அதன் காலில் கல்லில் வெட்டியிருக்கிறது. தினமும் அங்கேதான் பேருந்துக்கு நிற்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தத் தேதியைச் சொல்வாள்.

சொன்னாள். ஊர்ப் பெயரையும் தேதியையும் நூலகர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். அதற்குள் நாத்தனாரும் தேடி வந்துவிட்டாள். இருபது நிமிடம் கழித்து, தள்ளுவண்டியில் மெத்தை கனத்துக்கு ஒரு தொகுப்பு வந்தது. நூலகர் அதை மேசை மேல் மெதுவாகக் கிடத்தினார்.

கஞ்சியக்கா தொடவில்லை. சலவைச் சோடாவில் வெடித்த தன் விரல்களைப் பார்த்தாள். "நான் தொடலாமா?"

"கை சுத்தமா இருந்தா போதும்மா."

"இவங்க கைய விட சுத்தமான கை இந்த ஊர்லயே கிடைக்காதுங்க" என்றாள் நாத்தனார். "இருபத்தாறு வருஷமா சோப்புத் தண்ணிலதான் ஊறுது."

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்க்க, நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பழுப்பேறிய தாள்கள். திறப்பு விழா வாரத்தில் தலைவர்கள் படம்தான் இருந்தது. கஞ்சியக்காவின் முகம் விழுந்துவிட்டது. "முந்தின வாரத்தையும் பாருங்களேன்" என்றார் நூலகர். திருப்பினாள். மூன்றாம் பக்கத்தில், கை அகலத்துக்கு, அந்தப் படம் இருந்தது. முடிந்த தொட்டியின் விளிம்பில் பன்னிரண்டு ஆட்கள். கீழே சிறிய எழுத்தில் பெயர்கள். இடமிருந்து நான்காவதாக, கொத்தனார் என்ற சொல்லோடு, அவள் அப்பாவின் பெயர்.

விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டு வந்து நான்கில் நிறுத்தினாள்.

அப்பா என்றால் அவள் மனதில் இருந்தவர் பெரிய மனிதர். வருடா வருடம் அவளோடு சேர்ந்து அவருக்கும் வயதாகிக்கொண்டு வந்திருந்தது. இங்கே நின்றது மெலிந்த ஒரு பையன். தலை கலைந்திருந்தது. மற்ற பதினொரு பேரும் விறைத்து நிற்க, இவன் மட்டும் படத்துக்கு வெளியே யாரையோ பார்த்து வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"என் மகனை விடச் சின்னவரு" என்றாள் கடைசியில். "அம்மாடி, எங்கப்பா சின்னப் பையன்டி."

நாத்தனார் அண்ணியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஊரில் தங்களுக்கே தொலைந்துபோனதை, அவளைத் தெரியாத, அவளும் பார்த்திராத இந்த நகரம் இத்தனை வருடம் ஈரம் படாமல், பூச்சி அரிக்காமல் எடுத்து வைத்திருக்கிறது. யாராவது வந்து கேட்பார்களா என்றுகூட அதற்குத் தெரியாது. குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தாள். மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. கழுத்து வலிக்கும்வரை பார்த்தாள்.

முழுப் பக்கத்தையும் நல்ல தாளில் நகல் எடுத்துத் தருவார்களாம். விலையைக் கேட்டதும் கஞ்சியக்கா, "வேணாங்க, போன்ல எடுத்துக்கறேன்" என்றாள். அது ஒரு கோபுர டிக்கெட்டின் விலை.

நாத்தனார் துணிப்பையைத் திறந்து மூன்றாவது அறையைத் தடவினாள். "எடுங்க அண்ணி. இன்னும் ஒரு டிக்கெட்டுக்கு இருக்கு."

"ஒண்ணுக்குத்தானே இருக்கு?"

"ஆமா. நீங்க கீழ நில்லுங்க. நான் மேல போய் உங்களுக்கும் சேத்து பாத்துட்டு வரேன். எனக்கென்ன வருத்தமா?"

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அப்படியே நடந்தது. கோபுரத்தின் அடியில் ஒரு பெஞ்சில், சுருட்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சியக்கா உட்கார்ந்திருந்தாள். அண்ணாந்தால் உச்சி தெரியவில்லை; மேகம் அதைத் தொட்டுத் தொட்டுப் போனது. ஒரு மணி நேரம் கழித்து நாத்தனார் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கஞ்சியக்கா ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தாள்.

"ஊரு முடியவே இல்ல அண்ணி. என் கண்ணுதான் முடிஞ்சுபோச்சு."

ஊர் திரும்பியதும் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "மாமனாரை இப்பதான் பாக்கறேன். என்னை விட இருபத்தஞ்சு வயசு சின்னவரா இருக்காரு. எப்படி வணக்கம் சொல்றது?" என்றார். சொல்லிவிட்டு எழுந்து நின்று வணக்கமும் சொன்னார்.

சலவைப் பிரிவில் புது பாய்லர் வேலையை ஆரம்பித்துவிட்டது. தோழிகள் கூடி, என்னென்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். கூரையைச் சொன்னாள், ஜன்னல்களைச் சொன்னாள். நூலகத்தைச் சொல்ல வந்தபோது கை இரண்டையும் விரித்தாள், போதவில்லை. மேலே தூக்கினாள், அதுவும் போதவில்லை. விட்டுவிட்டாள்.

அடுத்த வருடம் புது பாய்லரைச் சோதிக்க இரண்டு நாள் நிறுத்தினார்கள். கஞ்சியக்கா அதோடு இன்னும் இரண்டு நாள் சேர்த்து விடுப்பு எழுதினாள். அந்தத் தொட்டி எழும்பிய ஒன்றரை வருடத்துப் பத்திரிகையையும் ஒவ்வொரு வாரமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'படிக்க' என்று போட்டாள். மேற்பார்வையாளர் அதை இரண்டு தடவை வாசித்தார், அவளை ஒரு தடவை பார்த்தார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.