செல்லு வந்துடுச்சு

அந்தக் கரையான்காரர் வாசலில் செருப்பைக் கழற்றினாலே போதும், வீட்டிலுள்ள கரையான்கள் எல்லாம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடும். ராணிக் கரையானுக்குப் பல்லக்கு, மற்றவற்றுக்குக் கால்நடை. சரி, பல்லக்கு கைச்சரக்கு. குடிபோவதும் கொஞ்சம் ஊதிப் பெருக்கியதுதான். ஆனால் திருப்புளியின் பிடியால் நிலைச்சட்டத்தை நாலு தட்டு தட்டி, காதைச் சாய்த்து, "இங்க இருக்கு" என்று அவர் சொன்னால் அங்கே இருக்கும். அதில் கலப்படம் இல்லை.

கரப்பானுக்கும் போவார், மூட்டைப்பூச்சிக்கும் போவார், எலிக்கு மட்டும் முகம் சுளித்துக்கொண்டு போவார். ஆனால் மனசு வைத்துச் செய்வது கரையான் வேலையைத்தான். சுவரும் தரையும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளை போட்டு, மருந்தை இறக்கி, சிமெண்ட் வைத்து அடைத்து, அந்த இடத்தைத் துணியால் துடைத்தும் கொடுப்பார். அவருக்கு ஒரே பகை துடைப்பம். சுவரில் மண் கோட்டைக் கண்டதும் பெருக்கித் தள்ளிவிட்டு, "கரையான் போயிடுச்சு" என்று நிம்மதியாக இருக்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"அது அதுங்க போற வர ரோடும்மா. ரோட்டைப் பெருக்கிட்டா ஊரு காலியாயிடுமா?"

ஒரு வீட்டு மருமகள் மருந்து வாளியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாளாம்: "இது மனுஷங்களை ஒண்ணும் பண்ணாதே? எங்க அத்தை அந்த ரூம்லதான் படுத்திருக்காங்க."

"ஒண்ணும் ஆகாதும்மா. கரையானுக்கு மட்டும்தான்."

"ஓ... அவ்வளவுதானா?" என்றாளாம். அந்த ஏமாற்றத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு ஒரு தங்கை. ஊரின் மறுகோடியில் வீடு. தங்கையின் கணவர் தச்சர். வீட்டில் சின்னதாக ஒரு மாடியறை எழும்பியதும், அதற்கு ஏறும் படிக்கட்டை மரத்தில் தானே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். பகலெல்லாம் ஊரார் கதவுக்கும் கட்டிலுக்கும் உழைத்துவிட்டு, சாயங்காலம் வந்து சொந்தப் படியை இழைப்பார். ஒரு படி முடிந்தால் மனைவியை ஏறி நிற்கச் சொல்வார். அவள் நின்று குதித்துக் காட்ட வேண்டும். கிறீச் என்று ஒரு சத்தம் வந்தாலும் கழற்றி மறுபடி பூட்டுவார்.

படிக்கட்டைப் பார்க்க வந்த கரையான்காரர் வாய் சும்மா இருக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு மாப்ள. நீங்க செஞ்சு வைங்க, என் ஆளுங்க சாப்பாட்டுக்கு வருவாங்க."

"வரட்டுமே மச்சான். வந்தா உங்களைத்தானே கூப்பிடப் போறேன். மச்சான் இருக்கையில எனக்கு என்ன பயம்?"

தங்கையும் சேர்ந்து மூவரும் சிரித்தார்கள். அந்தத் தச்சர் கூப்பிடுவதற்கு இருக்கவில்லை. நுரையீரலில் என்னவோ என்று படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. தங்கை தனியானாள். மாடியறையில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் தினமும் ஒரு தரம் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே மேலே போவாள், துடைத்துக்கொண்டே இறங்குவாள். கணவர் கை அதிகம் பட்ட இடம் அது.

ஒரு மழைநாளில் கரையான்காரர் வண்டியில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தத்தில் தங்கை நிற்பதைக் கண்டு வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் ஒரே ஆரன் சத்தம்.

"அண்ணா, நானே வரணும்னு இருந்தேன். நம்ம வீட்டுக்குச் செல்லு வந்துடுச்சு."

"இப்பதானா? ஊரெல்லாம் வந்து எத்தனை வருஷமாச்சு!"

தங்கை ஒரு மாதிரி பார்த்தாள். "படிக்கட்டுகிட்ட வந்திருக்கு."

"மாடிக்கு ஏறிட்டா இன்னும் நல்லா எடுக்கும்" என்று சிரித்தார் அண்ணன்.

"நீ வந்து பார்க்க மாட்டியா?"

"இதுக்குப் போய் நான் எதுக்கு? பக்கத்து வீட்டுல யாரையாவது கேளு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

பேருந்து வந்தது. அவள் ஏறிவிட்டாள். அவர் கையசைத்தார், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "என் தங்கச்சியும் ஒருவழியா செல்லு வாங்கிட்டா. என்னவோ பொருட்காட்சி மாதிரி வந்து பாருங்கறா" என்றார். இத்தனை வருஷமும் கைப்பேசியே வேண்டாம் என்று, வீட்டு மூலையில் கிடக்கும் பழைய தொலைபேசியோடு காலம் தள்ளிய தங்கை அவள். ஆகவே அது செய்திதான்.

அதன்பின் மழை விட்டு, வெயில் வந்து, அதுவும் முற்றியது. ஏதோ விசேஷத்துக்குச் சொல்லக் கரையான்காரரின் மனைவி நாத்தனாரை அந்தப் பழைய தொலைபேசியில் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, "உங்க செல்லு நம்பரைக் கொடுங்களேன்" என்றாள்.

"என்கிட்ட ஏது அண்ணி செல்லு?"

"நீங்கதானே உங்க அண்ணன்கிட்டச் சொன்னீங்களாம், வீட்டுக்குச் செல்லு வந்துடுச்சுன்னு."

வைத்துவிட்டாளோ என்று அண்ணி இரண்டு முறை ஹலோ சொன்னாள்.

"வந்துச்சு அண்ணி" என்றாள் தங்கை. "அவர் செஞ்ச படிக்கட்டைத் தின்னுட்டு இருக்கு."

மனைவி வந்து சொன்னபோது கரையான்காரர் வாளியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். கலக்கிய குச்சியோடு அப்படியே நின்றார்.

அவருடைய அம்மா ஒருநாளும் கரையான் என்று சொன்னதில்லை. "பெட்டியைச் சுவத்துல ஒட்டி வைக்காதே, செல்லு ஏறிடும்." "துணியை உதறி வை, செல்லு அரிச்சிடும்." பிறந்த வீட்டில் அதற்கு அதுதான் பேர். தொழிலுக்கு வந்தபின் முதலாளி கரையான் என்றார், கூட வேலை செய்தவர்கள் கரையான் என்றார்கள், மருந்து டப்பாவில் கரையான் என்று அச்சடித்திருந்தது. பிறகு ஊரார் கையில் எல்லாம் கைப்பேசி வந்து அந்தப் பழைய வார்த்தையை எடுத்துக்கொண்டது. அவரும் கொடுத்துவிட்டார். தங்கை மட்டும் கொடுக்கவில்லை.

அன்று காலை ஒப்புக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, மனைவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

தங்கை கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். படிக்கட்டு பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. சுவரில் மண் கோடு ஒன்றுகூட இல்லை.

"கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீ பக்கத்து வீட்டுல கேக்கச் சொன்னியே, அந்த வீட்டுக்காரர்தான் வந்து பெருக்கிவிட்டு மண்ணெண்ணெய் ஊத்தினார். போயிடுச்சுன்னு நினைச்சேன்."

துடைப்பத்தின் மேலுள்ள கோபத்தை இந்த முறை அவர் எங்கே கொண்டு போய் வைப்பார்? முட்டி போட்டு உட்கார்ந்து கீழ்ப்படியைத் தட்டினார். காலி டப்பாவைத் தட்டியது போல் இருந்தது. அடுத்ததைத் தட்டினார். அதற்கும் அடுத்தது. காது நன்றாகக் கேட்கிறதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நொந்துகொண்டார். திருப்புளியின் முனையை லேசாக வைத்தார். ரொட்டிக்குள் போவதுபோல் இறங்கிவிட்டது. வர்ணம் மட்டும் தோலாக நின்றது. உள்ளே மரமே இல்லை.

"நீ போனைச் சொல்றேன்னு நினைச்சுட்டேன்மா" என்றார், படியைப் பார்த்தபடியே. "சத்தியமா. பஸ் சத்தம் வேற."

"அம்மா அதை என்னன்னு சொல்லுவாங்க?"

"செல்லுன்னு."

"அப்புறம்?"

அவர் திருப்புளியைப் படியிலிருந்து உருவினார்.

"நீ சிரிச்சே" என்றாள் தங்கை. "ஊரெல்லாம் வந்து எத்தனை வருஷமாச்சுன்னு சிரிச்சே. அவர்கிட்ட அன்னிக்கு விளையாட்டா சொன்னது பலிச்சிடுச்சுன்னு உனக்குச் சந்தோஷம்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடல."

சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதது அண்ணிதான், சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டு.

பிறகு தங்கை கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, போனது போகட்டும். மருந்து அடிச்சு இதை இப்படியே நிக்க வெச்சுடு. நான் ஏற மாட்டேன். யாரையும் ஏற விடவும் மாட்டேன். கண்ணுக்கு முன்னால நின்னாப் போதும்."

ஆகட்டும் என்று சொல்லிவிடத் துடித்தார். ஒரு வார்த்தைதான். எழுந்து, மேல்படிக்கு மேலே உத்தரம் சுவரில் இறங்கும் இடத்தைத் தட்டிப் பார்த்தார். அங்கே இன்னும் கெட்டியாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரு சாண் கீழே, படிச்சட்டத்தின் நுனியில், ஈர மண் புதிதாக ஒட்டியிருந்தது.

"நிக்க வைக்க முடியாதும்மா. இதை விட்டா கூரைக்குப் போயிடும். வீடே போயிடும்."

"வீடு போனா என்ன" என்றாள். ஆனால் தடுக்கவில்லை.

அவரே கழற்றினார். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. தச்சர் இழைத்து இழைத்துப் பூட்டிய பலகைகள் ஆணியை நெம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் கையோடு வந்தன. சில பாதியில் உடைந்து, வெள்ளைப் புழுக்களாக உதிர்ந்தன. எல்லாவற்றையும் பின்கட்டில் குவித்துக் கொளுத்தினார். அடித்தரையில் துளை போட்டு மருந்து இறக்கினார். முடித்து நிமிர்ந்து பார்த்தால், வெள்ளைச் சுவரில் படிப்படியாக ஏறும் ஓர் அழுக்குத் தடம். அதன் உச்சியில், ஏறிப்போக வழியில்லாத ஒரு கதவு.

புறப்படும்போது தங்கை அவர் கையில் ஒட்டியிருந்த சிமெண்ட்டைப் பார்த்தாளாம், தண்ணீர் மொண்டு ஊற்றினாளாம், தேநீர் கொடுத்தாளாம், "பார்த்துப் போண்ணா, அடிக்கடி வா" என்றாளாம். கூடப்பிறந்த பாசம் எத்தனை நாள் கோபித்துக்கொண்டிருக்கும்?

கதையை நான் இப்படி முடித்துப் படித்துக் காட்டியபோது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கரையான்காரரின் மனைவி தலையை ஆட்டினாள்.

"தண்ணி ஊத்தினா, அது சரி. டீயெல்லாம் இல்லை. அடிக்கடி வான்னும் சொல்லல. 'பார்த்துப் போங்க'ன்னா."

உங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பாள் என்று நான் சொன்னதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் அப்போ வெளியில வண்டிகிட்ட நின்னுட்டிருந்தேன். அவர் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னா. பொறந்ததுல இருந்து வா, போன்னே கூப்பிட்டவ. போங்கன்னா."