காய்ந்த வாசல்

விடியற்காலை ஐந்தரைக்கு வரதய்யபாளையத்தில் பஸ் ஏறினோம். நான், என் வீட்டுக்காரர், ஏழு வயது மகன் முரளி. கிளம்பும் அவசரத்திலும் வாசலுக்குச் சாணி தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அது இல்லாமல் எனக்கு எந்தப் பயணமும் கிளம்பாது. ஆதார் அட்டையைக் காட்டினால் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, அந்த மட்டும் லாபம்.

காளஸ்தியில் பஸ் மாறினோம். அங்கிருந்து திருப்பதி முப்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ் முழுக்கக் கோவிந்தா கூட்டம். இறங்கியதும் அவர்கள் மலைப் பக்கம் போனார்கள், நாங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம். ஒரு வருடமாக வந்து வந்து போகிறேன், இன்னும் மலை ஏறவில்லை. கட்டி, சளி, காய்ச்சல் என்று பிள்ளைக்கு ஒன்று போனால் ஒன்று. அலுத்துவிட்டது.

பதினோரு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். போன முறை எடுத்த ரத்தத்தின் முடிவு வந்திருந்தது. நோயின் பெயர் என் வாயில் நுழையவில்லை. டாக்டரம்மா சித்தூர்க்காரர், தமிழிலேயே விளக்கினார். முரளியின் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியைப் பிடித்துவிடுமாம், கொல்லத்தான் தெரியாதாம். அபூர்வமாக எங்கோ ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே வருவதாம்.

"வீட்ல மாடு இருக்குதா? வாசலுக்குச் சாணி தெளிக்கிறீங்களா?"

"ஒரு நாள் தவறினதில்ல மேடம். இவனுக்கு ஒடம்பு கெட்டதிலேர்ந்து ரெண்டு வேளயும் கெட்டியா தெளிக்கறேன். கிருமி சாவுமே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சாணியிலும் வைக்கோலிலும் ஈரமண்ணிலும் பூஞ்சை இருக்கும், அது மூச்சில் போனால் இவன் நுரையீரல் தாங்காது என்றார். "மாத்திரய ஒரு நாள் கூட விடாதீங்க. ஆனா சாணி வேணாம்மா. சிமெண்ட் போடற வரைக்கும் வாசல்ல ஈரமே வேணாம்."

நல்லதென்று நினைத்து என் கையாலேயே கரைத்துக் கரைத்து ஊற்றியிருக்கிறேன். யாரைப் போய்த் திட்டுவது?

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம். பஸ் ஏர்ப்பேடு தாண்டியது.

"மாட்ட ஒங்கண்ணன் வூட்ல வுட்டுடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"நைனா, கன்னுக்குட்டியும் போயிடுமா?" என்று முரளி கேட்டான்.

"அங்க நல்லா துன்னும்டா."

"வாசலு?" என்றேன் நான். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டு வாசல்தான் காய்ந்து கிடக்கும். அவருக்கும் அது தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் விடியலில் பழக்க தோஷத்தில் வாளியை எடுத்துவிட்டேன். அப்புறம் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் மணிக்கணக்கில் நின்றபோதுகூட இவ்வளவு களைப்பு இல்லை. தெரு முழுக்க ஈர வாசல்கள், நடுவில் எங்களுடையது மட்டும் வெளுத்துக் கிடந்தது. எதிர்வீட்டுச் செல்வியக்கா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, வாசல் காஞ்சி கெடக்குது? யாருக்கு இன்னா ஆச்சி?"

உள்ளே முரளி தூங்கிக்கொண்டிருந்தான். இருமல் இல்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலக்கா" என்றேன். "ஆவக்கூடாதுன்னுதான்."