பெரிய சிஸ்டரின் தாய்மொழி

பெரிய சிஸ்டர் இளவயதில் கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவர். தம் சபை நடத்திய பெண்கள் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தார். பேச்சில் ஊர்க்காரர்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். "வாயாடி, வாயை மூடிட்டு எழுதுடி" என்று அவரிடம் திட்டு வாங்கிய பெண்தான், பின்னாளில் அதே சபையில் சேர்ந்து, படுக்கையில் விழுந்த அவரைக் கவனித்துக்கொண்டாள்.

மறதி நோய் வந்ததும் கற்ற பேச்செல்லாம் உதிர்ந்துபோய், பிறந்த நாட்டு மொழி மட்டும் மிஞ்சியது. மடத்தில் அது ஒருவருக்கும் தெரியாது. சாயங்காலமானால் ஜன்னலைப் பார்த்து ஏதோ கேட்பார், அழுவார். வலியோ என்று மாத்திரை கொடுத்தார்கள்.

மனசு கேட்காமல் வாயாடி, கடல் கடந்து இருந்த அவருடைய தங்கை மகளைப் போனில் பிடித்து, போனைச் சிஸ்டரின் காதில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"என்னங்க சொல்றாங்க?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பள்ளிக்கூடம் விட்டாச்சாம். எல்லாப் பிள்ளைங்களும் போயிட்டாங்களாம். அம்மா ஏன் இன்னும் கூட்டிட்டுப் போக வரலைன்னு கேக்குறாங்க."

வாயாடி, 'அம்மா வந்துட்டேன் கண்ணு' என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, நாக்கு சுளுக்கிக்கொள்ளும் வரை சொல்லிப் பழகினாள்.

மறுநாள் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து அதைச் சொன்னாள். சிஸ்டர் அவள் கையைப் பற்றிக்கொண்டு புறப்பட எழுந்தார். கால் நிற்கவில்லை. படுத்தபடியே, கையை விடாமல் தூங்கிப்போனார்.

தினமும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. மழைக்காலம் முடியுமுன் சிஸ்டர் இறந்துபோனார். டீச்சருக்காக அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாயாடி அழுததோ, பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் போல.