வளைவின் நடுத்துண்டு

காரோடு ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக் கோயில் ஒன்றுக்கு வாசல் வளைவு சுட்ட மண்ணில் வேண்டும் என்று கேட்டார்கள். திராட்சைக் கொடி படர்ந்த பெரிய வளைவு. கொல்லயில் ஊரில் எங்கள் சூளையில் நானும் என் வீட்டுக்காரரும் அதைத் துண்டு துண்டாகச் செய்து சுட்டோம். கொடி அவர் கை, இலை நரம்பு என் கை.

நடுத்துண்டை மட்டும் கடைசியில்தான் செய்வோம். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். இரண்டு பக்கத்தையும் சுவரில் ஏற்றி, மிச்சமுள்ள இடைவெளியை அளந்து, அதைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது அவர் கணக்கு.

பக்கங்களை மரத்தாங்கலின்மேல் ஏற்றிய மறுநாள் அவர் எல்லைப் போராட்ட ஊர்வலத்துக்குப் போனார். தமிழ் பேசும் தாலூக்காக்களை மதராஸோடு சேர்க்கப் போன மனுஷன் இந்த வளைவைச் சேர்த்துவிட்டுப் போகக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது சாயந்தரம்தான் தெரிந்தது. எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் என்னை உள்ளேயே விடவில்லை.

கோயிலில் வருஷாந்தர அசன விருந்து நெருங்கியது. நடுத்துண்டு ஏறும்வரை எடுக்க முடியாத தாங்கல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கோயில் உபதேசியார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சிமெண்டு வச்சு அடைச்சிரலாம் மக்கா. அசனத்துக்கு ஆளு வருமில்லா?”

“அவரு வரட்டும்.”

“வருவாரு. எப்பம்?”

நடுத்துண்டை நானே செய்தால், அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பயத்தில்தான் மண்ணைத் தொடாமல் இருந்தேன். கடைசியில் தொட்டேன். முதலில் செய்தது சூளையில் வெடித்தது. அடுத்தது அதிகம் சுருங்கி இடைவெளியில் ஆடியது. அதற்கடுத்ததைக் கொத்தனார் தட்டி இறக்கியதும் உட்கார்ந்தது. தாங்கலை உருவினார்கள், வளைவு நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் நிற்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

அசனம் முடிந்து சில வாரம் கழித்து அவர் வந்தார், மெலிந்து போய். சாப்பிடக்கூட உட்காராமல் கோயிலுக்குப் போவோம் என்றார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“எட்டீ, இடதுபக்கம் ஒரு நூல் இடைவெளி உண்டு.”

இத்தனை நாள் கழித்து வந்து குற்றமா கண்டுபிடிக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அடுத்த வளைவுல நடுத்துண்டை நீங்க வையுங்க” என்றேன்.

தோளில் கிடந்த நேரியலுக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினார். லத்தி பட்ட விரல்கள் மடங்கவில்லை.

“இனி நீயாக்கும் வைக்கணும்.”

அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.