அனுசுயா டீச்சரின் எட்டு வாக்கியங்கள்

பெரம்பலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் அரசு நடுநிலைப் பள்ளியில் அனுசுயா டீச்சர் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எடுக்கிறார். பின்னம் என்றாலே ஓடுகிற பிள்ளையைக்கூட ஒரே மாதத்தில் மடக்கிவிடுவார். கரும்பலகை முன் நின்றால் சிங்கம்தான். ஆனால் யாராவது இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே நழுவிவிடுவார். இது பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. "இங்கிலீஷுக்குப் பயப்படாதீங்க" என்று அவர்களுக்குத் தினமும் சொல்கிறவரும் அவரேதான்.

ஒருநாள் தலைமையாசிரியர் அய்யம்பெருமாள் வந்து குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நார்வேயில ஒரு ஸ்கூலு நம்ம ஏழாங்கிளாஸோட சேந்து பாடம் நடத்தப் போவுது டீச்சர். ஒரே நாள்ல ரெண்டு ஊர்லயும் உச்சி நேரத்து நெழல அளந்து, பூமியோட சுத்தளவக் கண்டுபிடிக்கணும். வீடியோவுல நீங்கதான் பேசணும்."

"நானா சார்?"

"கணக்கு டீச்சர் வேற யாரு இருக்கா?"

வீடு திரும்பியதும் டீச்சர் முதல் வேலையாகப் போனை எடுத்தார். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் நர்மதாவிடம் கெஞ்சி எட்டு வாக்கியங்கள் எழுதி வாங்கினார். ஏழாவது வாக்கியம், எங்கள் நிழலின் நீளம் இத்தனை சென்டிமீட்டர் என்பது. எண்ணை மட்டும் நிரப்பினால் போதும். போன வார ஒத்திகையில் நான்கு வந்திருந்தது. எட்டையும் பஸ்ஸில் முணுமுணுத்தே மனப்பாடம் செய்தார்.

அந்த நாளும் வந்தது. ஆவணி வெயில் மண்டையைப் பிளந்தது. சிமெண்டுத் தரையில் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாயை நிமிர்த்தி, செல்போனை ஸ்டூல்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். திரையில் சட்டைமேல் சட்டை போட்ட இருபது பிள்ளைகள். அங்கே இன்னும் காலைதான். முதல் ஆறு வாக்கியங்கள் தடங்கலில்லாமல் போயின. பன்னிரண்டேகாலுக்கு சத்யா அளவுகோலுடன் குனிந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அளப்பதற்குப் பேச வேண்டியதில்லை என்றுதான் அவளுக்கு அந்த வேலை.

குழாயை ஒருமுறை சுற்றி வந்தாள். இன்னொரு முறையும் சுற்றினாள். கண் கலங்கிவிட்டது.

"டீச்சர், நெழலக் காணோம். நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்."

டீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. வருடத்தில் இரண்டே நாள்தான் சூரியன் ஊருக்கு நேர் உச்சியில் வரும். அது சொல்லிவைத்ததுபோல் இன்றைக்கு வந்து நிற்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் ஏற்கெனவே தெரியும்; நம் பக்கம் சைபர் என்றால், நார்வேக்காரர்களின் நிழல் ஒன்றே கணக்குக்குப் போதும். இத்தனை அழகான கணக்கு கைக்கு வந்திருக்கிறது, அதைச் சொல்ல எட்டு வாக்கியத்தில் ஒன்றுகூட உதவாது. திரையில் இருபது முகங்கள் காத்திருந்தன, முதுகுக்குப் பின்னால் முப்பது முகங்கள்.

நழுவியிருக்கலாம். கணக்கு விடவில்லை.

"நோ ஷேடோ," என்றார். "சன்... மை ஹெட். ஹெட் டாப்." வியர்த்துக் கொட்டியது. சாக்பீஸுடன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய வட்டம் போட்டு, அதன்மேல் இரண்டு குச்சி நட்டு, சூரியக் கதிர்களை இழுத்தார். சத்யா தானாகவே செல்போனை எடுத்துவந்து படத்துக்கு நேரே பிடித்தாள். "மீ, ஜீரோ," என்று ஒரு குச்சியைத் தொட்டார் டீச்சர். "யூ, மெஷர். ஃபினிஷ்!"

அந்தப் பக்கம் ஒரு சிறுமி எதையோ கத்த, வகுப்பே எழுந்து கைதட்டியது. சாயங்காலம் அவர்களுடைய அளவு வந்தது. கணக்கும் சரியாக வந்தது.

டீச்சருக்குச் சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்களே.

"அடுத்த மாசமும் அவங்க பேசுறாங்களாம். இந்தத் தடவ உங்கள்ல யாராச்சும் பேசுறீங்களா?" மறுநாள் தரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். வழக்கமாக இதற்கு வகுப்பும் தரையைத்தான் பார்க்கும்.

சத்யா எழுந்தாள்.

"நான் பேசுறேன் டீச்சர். நீங்க பேசுனதே அவங்களுக்குப் புரிஞ்சுதுல்ல. அவ்ளோ இங்கிலீஷு எனக்கும் வரும்."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அதற்குள் பின்பெஞ்சில் இன்னும் மூன்று கைகள் உயர்ந்திருந்தன.